தண்ணீர் மட்டும்

டேனி,

பேக்டரி வேலை முடிந்த பிறகும் நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். பேச்சென்றால் பாதியில் துண்டித்துவிடுவாய். கடிதத்தை மடித்து வைக்கலாம், ஆனாலும் அது மேசைமேல் கிடக்கும்.

உட்கார்ந்து எழுத முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரி. பிறகு எழுந்து சமையலறை. அடுப்பில் எதுவும் இல்லை. திரும்பி வந்து இன்னொரு வரி. பின்பக்கக் கொட்டகையில் உன் அப்பா மரம் இழைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். நிற்காவிட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

இன்னும் மூன்று நாளில் உனக்குக் கல்யாணம். கோயில் மண்டபத்து மேடையில் நம் பக்கம் இரண்டு நாற்காலி போடுவார்கள். நீயும் தர்ஷினியும் எங்கள் முன்னால் மண்டியிட்டு, எங்கள் கால்களைத் தாம்பாளத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, பூப் போட்டு, விழுந்து கும்பிட வேண்டும். பாத பூசை. பெண் வீட்டு வழக்கம். அந்த நாற்காலியில் உன் அப்பா வந்து உட்காருவாரா என்று எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இது தெரியவில்லை.

நீ அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அப்பா வரலன்னா நீங்க மட்டும் வராதீங்கம்மா. ரெண்டு நாற்காலியும் காலியாவே இருக்கட்டும்." கோபத்தில் எழுதியிருக்கிறாய். கோபத்திலும் எழுத்துப் பிழை இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. யோசித்து எழுதியிருக்கிறாய்.

காலி நாற்காலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்து மனிதர். விபூதி பூசாமல் ஒரு நாளும் வாசல் தாண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த மகள் வாழை போடுகிறவனை, அதுவும் ஒரு கிறிஸ்தவ வேதக்காரனைக் கட்டுகிறாள் என்றதும் அவர் சண்டை போடவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு பழம் வாங்கிக்கொண்டு வந்தார், உன்னைத் தூக்கினார், உன் அப்பாவோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார். எல்லாம் சரியானது. ஆனால் எங்கள் கல்யாணத்தில் எடுத்த ஒரே புகைப்படத்தில் என் அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். ஆனால் தர்ஷினியும் ஒரு நாள் இதைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

*

நாங்கள் மெனோனைட்டுகள், கிறிஸ்தவர்களில் ஒரு சிறு பிரிவு. பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் புரியாது. ஏதோ மருந்துக் கம்பெனியா என்று ஒருவர் கேட்டார். ஆயுதம் எடுப்பதில்லை. வழக்குப் போடுவதில்லை. சத்தியம் செய்வதில்லை: ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை, அதற்கு மேல் சாட்சிக்குக் கடவுளை இழுப்பதில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்து, தானாகக் கேட்க வேண்டும். நம் சபை முழுவதையும் இரண்டு வேனில் ஏற்றிவிடலாம். உன் அப்பா அதில் உதவிக்காரர். மூப்பருக்கு அடுத்த பொறுப்பு. சபைக்கூடத்தின் கதவு, ஜன்னல், பெஞ்சு எல்லாம் அவர் செய்தவை. கூடத்தின் சாவி நம் வீட்டு வாசல் நிலையில் ஓர் ஆணியில் தொங்கும். நீ குழந்தையாக இருந்தபோது அதைத் தொட்டு ஆட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாய்.

பொழுது விடியுமுன் தோட்டத்தில் இறங்கி வாழை இலை அறுப்பார். ஈரத் துணியால் துடைத்து, நரம்பு உடையாமல் சுருட்டி, லோரியில் ஏற்றி, தீவின் பின்பக்கம் இருக்கும் நம் பாலிக் பூலாவிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு பட்டணத்து லிட்டில் இந்தியாவுக்கு. சாப்பாட்டுக் கடைகள் திறக்குமுன் இலை போய்விட வேண்டும். மத்தியானம் திரும்பி வந்து தச்சு வேலை. பழைய கடைவீடுகளின் மர ஜன்னல்களைச் செப்பனிடுவார். புதுக் கதவும் செய்வார். செதுக்கல் வேலை கேட்டால் மாட்டார். "கதவு திறக்கணும், சாத்தணும். அது போதாதா?" என்பார். போதாது என்று நினைத்தவர்கள் வேறு ஆளிடம் போனார்கள்.

நான் அவரைச் சந்தித்ததும் ஒரு ஜன்னலால்தான். பல்கலைக்கழகத்துப் பக்கம் கெலுகோரில் நாங்கள் நான்கு மாணவிகள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு ஜன்னல் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வந்து பார்த்தார். "நாளைக்குக் காலையில வர்றேன்," என்றார். மறுநாள் விடியும்போதே மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வகுப்புகூட இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் போர்வைக்குள் கிடந்தோம். வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தோளில் ஜன்னல் சட்டத்தோடு இந்த மனிதர் தண்ணீரில் நிற்கிறார்.

"இந்த மழையில ஏன் லா வந்தீங்க?" என்று என் தோழி கத்தினாள்.

"வர்றேன்னு சொன்னேன்ல," என்றார்.

அவ்வளவுதான். அப்போது நான் பெரிய பெரிய புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்தேன். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு பள்ளம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். இவர் அந்தப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பள்ளம் இருப்பதே தெரியாமல்.

அப்படிப்பட்டவரோடு வாழ்வது சுலபம் என்று நினைத்தேன். ஒரு சொல் சொன்னால் செய்துவிடுவார். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

*

உனக்கு அவர்மேல் இருக்கும் கோபம் பாத பூசையில் தொடங்கவில்லை. அது எனக்குத் தெரியும். அந்தச் சுவரில் தொடங்கியது.

பக்கத்துக் காலி நிலத்தில் பங்களா கட்ட வந்தவர்கள் நம் எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டு உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பினார்கள். உனக்குப் பதினேழு வயது. வாழைகளுக்கு நடுவில் நின்று கத்தினாய்.

"போலீசுக்குப் போலாம்பா."

"போனா?"

"கேஸ் போடலாம். நம்ம நிலம் நமக்குத் திரும்ப வரும்."

"வரும். அதுக்கப்புறம் தெனமும் காலையில அந்த ஆளு முகத்துல முழிக்கணும். நான் ஜெயிச்சவன், அவன் தோத்தவன். அப்படியே சாகுற வரைக்கும் இருக்கணுமா?"

"பயந்தாங்கொள்ளி," என்றாய். அப்பாவைப் பார்த்து. அவர் மண்வெட்டியை எடுத்துப் போய், சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட வாழைக் கன்றுகளைத் தோண்டித் தோண்டி இந்தப் பக்கம் கொண்டுவந்து நட்டார். நீ உதவிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. மனதில் நான் உன் பக்கம்தான் இருந்தேன்.

இந்தக் கதைக்கு நல்ல முடிவு எதுவும் இல்லை. சுவர் கட்டியவர் மனம் மாறி வந்து கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சுவர் அங்கேயேதான் நிற்கிறது. பாசி படர்ந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டுக் கதவு போன வருடம் வீங்கித் திறக்காமல் போனபோது அவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். கூலி வாங்கினாரா என்று கேட்டாய். வாங்கினார். முழுக் கூலி. அவர் ஒன்றும் மகான் இல்லை.

நீ ஞானஸ்நானம் கேட்கவில்லை. பதினெட்டு வயதில் கேட்பாய் என்று சபையில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிறகு இருபதில். மூப்பர் சாமுவேல் அண்ணன் என்னிடம் இரண்டு மூன்று தடவை ஜாடையாகக் கேட்டார். உன் அப்பா உன்னிடம் ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டாரா? யோசித்துப் பார். கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அது வலிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். கேட்டு வாங்கிய 'ஆம்' அவர் கணக்கில் 'ஆம்' இல்லை. அதனால்தான் கேட்கவில்லை.

இதை நான் நன்றாக அறிந்தவள். அறிந்திருந்தும் நிச்சயதார்த்தத்தில் நான் செய்ததைப் பார்.

*

தர்ஷினியின் அப்பா மாணிக்கம் அண்ணன் குயின் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். உன் அப்பா அவருக்கு இருபது வருடமாக இலை போடுகிறார். நீ விடுமுறைகளில் லோரியில் கூடப் போய் இலைக்கட்டு இறக்கினாய். அவள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

கடைக்கு மேல்மாடியில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி முடிந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மாணிக்கம் அண்ணன் சந்தோஷத்தில், வாயில் வெற்றிலையோடு, உன் அப்பாவின் தோளில் கை போட்டார்.

"அப்ப சம்பந்தி, பாத பூசைக்கு நீங்களும் அக்காவும் உக்காந்துருவீங்க. சத்தியமா வந்துருவீங்கல்ல?"

"சத்தியம் பண்றதில்லைண்ணே."

"அட, ஒரு பேச்சுக்கு லா."

"பேச்சுக்கும் இல்லைண்ணே."

சிரிப்பு நின்றது. தர்ஷினியின் அத்தை, அந்தப் பச்சைப் பட்டுக்காரி, சத்தமாகவே கேட்டாள்: "என்னா இது? மாப்பிள வீட்டுக்காரங்க வர்றாங்களா இல்லியா? சத்தியம் வேணாம், சும்மாவாச்சும் வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க."

உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவில், எல்லோர் கண்ணும் அவர் மேல் இருக்க, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்று யோசித்துக்கொண்டிருந்தார். நீ தரையைப் பார்த்தாய். தர்ஷினி உன்னைப் பார்த்தாள். எனக்கு அது தாங்கவில்லை.

"வருவாரு," என்றேன். "நாங்க ரெண்டு பேரும் வருவோம்."

மறுபடியும் சிரிப்பு. கேசரி வந்தது.

வீட்டுக்கு லோரியை அவர்தான் ஓட்டினார். மலை வளைவுகளைத் தாண்டிக் கீழே இறங்கிய பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் வாயால நீ பேசிட்ட."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும். இதைச் சொல்கிறேன். அவள் சார்பில் நீ வாக்குக் கொடுக்காதே. அன்பினாலும் கொடுக்காதே. நாலு பேர் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்கிறாளே என்று பதறியும் கொடுக்காதே. அவள் யோசிக்கும் நேரம் அவளுடையது. அதை நீ எடுத்துக்கொண்டால் திருப்பிக் கொடுப்பது மிகவும் கஷ்டம். நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

*

ஒரு விஷயம் என்னைக் குழப்புகிறது. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் அவர் கொட்டகையில் மரம் எடுத்து வைத்தார். என்ன என்று கேட்டேன்.

"கட்டிலு."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். கடையில வாங்கறது ரெண்டு வருசத்துல ஆடும்." பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "அந்தப் புள்ள என்னா உயரம் இருக்கும்?"

"உங்க புள்ளைய விட உயரம்."

"அப்படியா? நான் கவனிக்கலயே," என்று பலகையில் போட்ட கோட்டை அழித்து, இன்னும் தள்ளிப் போட்டார்.

கட்டில் செய்கிறவர் கல்யாணத்துக்கு வரமாட்டாரா? வருகிறவர் வருகிறேன் என்று சொல்ல மாட்டாரா? எழுந்து போகிறேன். பார்க்கிறேன். திரும்பி வருகிறேன்.

போன வாரம் சாமுவேல் அண்ணன் வந்தார். கொட்டகை வாசலில் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்தார். நல்ல மனிதர். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தேநீர் கொண்டுபோன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"மகன் கல்யாணத்துக்குப் போகக் கூடாதுன்னு நான் சொல்லலை தம்பி," என்றார். "பின்னாடி உக்காந்து பாத்துட்டு வாங்க. ஆனா மேடையில உக்கார வெச்சு, மந்திரம் சொல்லி, உங்க காலுக்குப் பூப் போட்டுக் கும்பிடுவாங்க. நீங்க உதவிக்காரர். அதையும் வாங்கிக்கிட்டு, இங்கயும் வந்து அப்பத்தத் தொடுவீங்களா?"

"பூ வேணாம்னு சொல்லலாம்ணே. மந்திரமும் வேணாம்னு சொல்லலாம். தண்ணி?"

"தண்ணி ஊத்தறதும் பூசைதான்."

"நம்ம ஊத்திக்கிறோமே."

"நம்ம ஒருத்தருக்கொருத்தர் ஊத்திக்கிறோம்."

உன் அப்பா இழைப்பதை நிறுத்திவிட்டார். "ஆமாண்ணே. எனக்கும் அதுதான் முள்ளு மாதிரி குத்துது," என்றார். "ஒருத்தன் குனியிறான். இன்னொருத்தன் உக்காந்தே இருக்கான். எனக்கு அது வராது."

தர்ஷினிக்காக இதை விளக்க வேண்டும். அப்பம் பகிர்ந்து உண்ணும் இராப்போஜனத்துக்கு முன்னால் நம் சபையில் கால் கழுவுவோம். ஆண்கள் முன்கூடத்தில், பெண்கள் பின்னறையில். பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் முன் மண்டியிட்டு, தண்ணீர்ப் பேசினில் அவர் காலைக் கழுவி, இடுப்பில் கட்டிய துண்டால் துடைக்க வேண்டும். பிறகு அவர் எழுந்து நம் காலைக் கழுவுவார். அதோடு தழுவிக்கொள்வோம். மனதில் பகை வைத்துக்கொண்டு வரக்கூடாது. மலையிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் செல்வம் அண்ணனுக்கும் உன் அப்பாவுக்கும் பேச்சு நின்றிருந்த வருடம், அந்த ஞாயிறு வந்தபோது உன் அப்பாவே பேசினைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து போய் அவர் முன் மண்டியிட்டார். செல்வம் அண்ணன் சொன்னது இன்னும் சிரிப்பாக இருக்கும்: "தண்ணிய நிறுத்தினவன் காலுக்கே தண்ணி ஊத்துறியா?"

அந்த ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் உன் அப்பா ஒரு காரியம் செய்வார். பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து, தேங்காய் நாரும் சவுக்காரமும் போட்டுத் தன் காலைத் தேய்ப்பார். தோட்டக்காரன் கால். வெடிப்புக்குள் வாழைக்கறை ஏறிக் கறுத்துக் கிடக்கும். தேய்த்துத் தேய்த்துச் சிவந்து போகும். நாளைக்கு எப்படியும் கழுவத்தானே போகிறார்கள் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "கழுவுறவன் முகம் சுளிக்கக் கூடாதுல்ல," என்றார்.

அது ஊழியம் இல்லை. யாரும் பார்க்கப் போவதில்லை. எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

*

கடிதத்தை அப்படியே போட்டுவிட்டு நேற்று குயின் தெருவுக்குப் போனேன். அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. இறங்கி, சூலியா தெருவில் நடக்கும்போது திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் பணம் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். இல்லை, ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. நடந்தேன்.

மாணிக்கம் அண்ணன் கல்லாவில் இருந்தார். அன்று காலை உன் அப்பா போட்டுவிட்டுப் போன இலைக்கட்டு அவர் பின்னால் பச்சையாக நின்றது.

"அக்கா! வாங்க வாங்க. பசியாறுங்க மொதல்ல."

"இல்லண்ணே. நான் அன்னிக்குச் சொன்னதத் திரும்ப வாங்கிக்க வந்தேன்."

அவருக்குப் புரியவில்லை.

"வருவாருன்னு நான்தான் சொன்னேன். அவரு சொல்லல. அவரக் கேக்காம சொல்லிட்டேன். அத நீங்க கணக்குல வெச்சிக்காதீங்க. அவரு என்னா சொல்றாரோ அதுதான்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "அக்கா, மழையில எல கிழிஞ்சிருந்தா, நான் கட்டப் பிரிக்கறதுக்கு முன்னாடியே அவரு சொல்லிருவாரு. 'இன்னிக்கு எல மட்டம்ணே, பாதி வெலைக்கு வெள்ளி குடுங்க'ன்னு. அந்த மனுசன்கிட்ட போய் நான் சத்தியம் கேட்டேன் பாருங்க. என் வாயில வெத்தல இருந்துச்சு, புத்தி இல்ல." சற்று நேரம் மேசையைத் துடைத்தார். துடைக்க அங்கே எதுவும் இல்லை. "எங்க சாமி கும்புடுறது அவருக்குப் புடிக்கலயா?"

"அதில்லண்ணே. அவரையே சாமியாக்கிக் கும்புடுறதுதான். அப்புறம் இன்னொண்ணு. கழுவ விட்டா திருப்பிக் கழுவணும். எங்க சபையில அப்படித்தான் பழக்கம்."

"யாரு கால?"

"டேனி கால."

"அப்பா, மாப்பிள்ள கால? மேடையில?" சிரித்துவிட்டார். சமையற்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. "ஐயரு மயங்கி விழுந்துருவாரு லா! என் தங்கச்சி மண்டபத்தையே பேத்துப் போட்டுருவா!"

நானும் சிரித்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு.

பிறகு அவர் சொன்னார். மெதுவாக. "உங்க நாற்காலிகிட்ட வரும்போது மந்திரம் வேணாம், பூ வேணாம்னு ஐயருகிட்ட நானே சொல்லிர்றேன். தண்ணி மட்டும். அதுக்கப்புறம் அவரு என்னா பண்றாரோ, அவரு இஷ்டம். மேளக்காரன கொஞ்சம் சத்தமா வாசிக்கச் சொல்றேன். எல்லாரும் அந்தப் பக்கம் பாக்கட்டும்." வாசல்வரை வந்து, "வரலன்னாலும் எல வேணும்க்கா. அத மறந்துறப் போறாரு," என்றார்.

வீட்டுக்கு வந்து கொட்டகைக்கே போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். மேளம் உட்பட.

"நீ சொன்னதத் திரும்ப வாங்கிட்டியா?" என்று கேட்டார்.

"வாங்கிட்டேன்."

கட்டிலின் தலைமாட்டுப் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப நான் யோசிக்கலாம்," என்றார்.

யோசிக்கலாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள். யோசிக்கலாமாம். 

*

இன்று சாயங்காலம். நாளை காலையில் உனக்குக் கல்யாணம்.

மத்தியானம் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. திரும்பி வந்து நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் வாசல் பெருக்கும்போதுதான் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது. சபைக்கூடத்துச் சாவி இல்லை. உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த ஆணி வெறுமையாக இருந்ததில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

சாமுவேல் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவரே சொன்னார். "சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரும்மா. உதவிக்காரரா இருக்கிறவன் அப்பப் பந்தியில உக்காராம இருந்தா சரியா இருக்காதாம். நீங்க எல்லாரும் மறுபடி கூப்பிடுற வரைக்கும் கடைசி பெஞ்சுல இருக்கேன்னாரு. அடுத்த கால் கழுவுற ஞாயிறு வரைக்கும் யோசிங்கன்னு சொன்னேன். யோசிச்சிட்டேன்ணேன்னாரு."

"உங்களுக்குக் கோவமாண்ணே?"

"கோவம் இல்லம்மா. அவரு கால யாரு கழுவப் போறாங்கன்னுதான் எனக்குக் கவலை," என்றார். அவர் வேறு அர்த்தத்தில் சொன்னார். இந்த வருடம் சபையில் உன் அப்பா பக்கத்தில் யார் உட்காருவார் என்று. எனக்கு உன் நினைவு வந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

டேனி, இதை நீ சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. அவர் தன் கையால் செய்த பெஞ்சில், தன் கையால் மாட்டிய ஜன்னலுக்குப் பக்கத்தில், அப்பம் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறார். எத்தனை மாதம் என்று தெரியாது. அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அவரும் அவர்களைக் குறை சொல்ல மாட்டார். உனக்காக அவர் தன் நம்பிக்கையை விட்டுவிட்டார் என்றும் நினைத்துவிடாதே. அப்படி நினைத்தால் நீ அவரைப் புரிந்துகொள்ளவே இல்லை. சுவரோரத்தில் கன்றுகளைத் தோண்டி எடுத்த அதே மனிதர்தான்.

இன்னும் அவர் 'வருகிறேன்' என்று சொல்லவில்லை. என்னிடம் சொல்லவில்லை, உனக்குச் சொல்லச் சொல்லவும் இல்லை. அதனால் நான் எதையும் வாக்காகத் தரப்போவதில்லை. அந்தத் தப்பை ஒருமுறை செய்தாயிற்று. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சற்று முன் பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குழாயடியில் உட்கார்ந்திருக்கிறார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டிருக்கிறார். பக்கத்தில் சவுக்காரம். கையில் தேங்காய் நார். இடது காலை வலது தொடைமேல் போட்டு, குதிகால் வெடிப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கொடியில் அந்த நீளத் துண்டு, இடுப்பில் கட்டுவது, துவைத்துக் காய்கிறது.

"நாளைக்குக் கூடம் இல்லையே," என்றேன். 

அவர் நிமிரவில்லை. "கழுவுறவன் முகம் சுளிக்கக் கூடாதுல்ல," என்றார். பிறகு, அடுத்த காலை எடுத்துக்கொண்டே: "அவன் நாளெல்லாம் பேக்டரி பூட்ஸ் போடுறவன். அவன் காலு எப்படி இருக்குமோ."

செல்வம் அண்ணன் லோரியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பி நிற்கிறார். ஹாரன் அடிக்கிறார். இந்தக் கடிதத்தையும் அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதே. மரத்துக்குக் காற்று வேண்டும். தர்ஷினி கால் நீட்டிப் படுத்துப் பார்க்கட்டும்.

நாளை மேடையில் நீ அவர் காலைக் கழுவி முடித்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தால், உன்னை அதில் உட்காரச் சொன்னால், உட்கார். மேளம் சத்தமாகக் கேட்கும். தர்ஷினியின் அத்தை ஏதாவது சொல்வாள். உனக்கு வெட்கமாக இருக்கும், குதித்து எழுந்துவிடலாம் போல இருக்கும். எழுந்துவிடாதே. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திரு. குனிகிறதைவிட அதுதான் கஷ்டம்.

இப்போது எழுந்து போய் உன் காலைக் கழுவு. நகத்தை வெட்டு. விரல் இடுக்கெல்லாம் நன்றாகத் தேய்.

அம்மா